தீராத வலியும் தினசரி வாழ்வும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாள்பட்ட வலியோடு அன்றாட வாழ்வை நடத்துவது பற்றி எழுதும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். சேலம் மாநகரிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களுள் சில இங்கே இடம்பெறுகின்றன. இயன்முறை மருத்துவராக முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவரும், அக்கி வந்து ஆறிய பின் விலாவில் தங்கிவிட்ட நரம்பு வலியோடு பல ஆண்டுகளாக வாழ்ந்து வருபவருமான நம் பத்தியாளர் பதிலளிக்கிறார்.

கேள்வி: எனக்கு வயது 41. சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் பற்ற வைக்கும் வேலை செய்கிறேன். ஆறு ஆண்டுகளாக இடுப்பிலிருந்து இடது தொடை வரை வலி இருக்கிறது. இரண்டு முறை ஸ்கேன் எடுத்தும், "தேய்மானம்தான், பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "ஒன்றுமில்லை என்றால் எதற்குப் படுத்துக்கொள்கிறாய்?" என்று மாமியார் கேட்கிறார். வலி குறைந்திருக்கும் நாளில், தேங்கிக் கிடக்கும் துணி, பாத்திரம், பட்டறை வேலை அனைத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவேன்; அதன் பிறகு மூன்று நாள் எழுந்திருக்க முடியாது. நான் நடிக்கிறேனோ என்று எனக்கே ஐயம் வருகிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிவதாபுரம்

பதில்: சகோதரி, நீங்கள் நடிக்கவில்லை. வலி ஆய்வுக்கான உலகச் சங்கம் 1979-இல் வகுத்த வலியின் வரையறையை 2020-இல் திருத்தியபோது, உடலில் திசுச் சேதம் இருக்கும்போது உண்டாகும் துன்ப உணர்வை மட்டுமின்றி, சேதம் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படியே தோன்றும் துன்ப உணர்வையும் வலி என்றே ஏற்றுக்கொண்டது. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் அந்த வரையறைக்கான குறிப்பிலேயே எழுதி வைத்தது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் வரும் வலியே நாள்பட்ட வலி எனப்படுகிறது. உங்களுடையது ஆறு ஆண்டு வலி.

ஸ்கேன் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. அவர்களுள் இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் முதுகெலும்புகளுக்கு இடையேயுள்ள தட்டில் தேய்மானம் காணப்பட்டது. தேய்மானம் இருந்தும் வலியில்லாமல் நடமாடுபவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்கள் என்றால், படத்தில் பெரிதாக எதுவும் தெரியாத நிலையிலும் கடுமையாக வலிப்பதில் வியப்பில்லை. படம் எலும்பையும் தட்டையும் காட்டும். நரம்பு மண்டலம் எவ்வளவு கூர்மையாகிவிட்டது என்பதைக் காட்டாது.

உங்கள் தொழிலிலேயே அதற்கு ஓர் உவமை இருக்கிறது. வெள்ளி நிறுக்கும் தராசைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைப்பது எதற்காக? மின்விசிறிக் காற்றுப் பட்டாலே அது எடை காட்டிவிடும் என்பதற்காகத்தானே. தட்டில் வெள்ளி இல்லை என்பது உண்மை. தராசு அசைந்தது என்பதும் உண்மை. பல மாதங்கள் வலிச் செய்தியைச் சுமந்த தண்டுவடமும் மூளையும் அப்படித்தான் ஆகிவிடுகின்றன. முன்பு பொருட்படுத்தாத சிறு அழுத்தமும் பெரும் வலியாகப் பதிவாகிறது. தராசு பழுது என்று தூக்கி எறிய முடியாது. காற்றுப் படாமல், மெல்ல மெல்ல அதை நிதானத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இனி உங்கள் கடிதத்தில் நான் மிகவும் கவலைப்பட்ட வரிக்கு வருகிறேன். அது மாமியாரைப் பற்றிய வரி அன்று. வலி குறைந்த நாளில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவேன் என்று நீங்கள் எழுதிய வரி. முப்பதாண்டுகளில் என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேரேனும் இந்தச் சுழலில் சிக்கியிருந்தார்கள். நல்ல நாளில் மிதமிஞ்சி உழைப்பது, மறுநாள் வீழ்வது, வீழ்ந்த நாள்களில் தேங்கியதை அடுத்த நல்ல நாளில் மீண்டும் வாரிப்போட்டுச் செய்வது. இப்படியே போனால் படுக்கும் நாள்கள் பெருகும், தசை வலுவிழக்கும், நல்ல நாள்கள் அருகிவிடும். ஆகவே வேலையை எப்போது நிறுத்துவது என்ற முடிவை வலியிடம் விடாமல் கடிகாரத்திடம் கொடுங்கள்.

செய்முறை இதுதான். மூன்று நாள்கள், பட்டறையில் உட்கார்ந்த நேரத்திலிருந்து வலி கூடத் தொடங்கும் நேரம் வரை எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 30, 50, 40 என்று வந்தால் சராசரி 40. அதில் நான்கில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, 30 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் அலாரம் அடித்ததும், இன்னும் இரண்டே கண்ணிதான் பாக்கி என்றாலும், ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, தண்ணீர்ப் பானை வரை நடந்துவிட்டு வந்து மீண்டும் உட்காருங்கள். வலி இல்லாத நாளிலும் அதே 30 நிமிடந்தான். கடினமான பகுதியே இதுதான், ஏனென்றால் நல்ல நாளில் எழுந்திருக்க மனம் ஒப்பாது. இரண்டு வாரம் வீழாமல் கழிந்தால் மூன்று நிமிடம் கூட்டலாம். வீட்டு வேலைக்கும் இதே கணக்குத்தான்: துணியை நாளுக்கு ஒரு வாளி என்று பிரியுங்கள், ஆடிப் பண்டிகைக்கு வீடு கழுவுவதை ஒரே நாளில் வைத்துக்கொள்ளாமல் பத்து நாள்களுக்கு முன்பே அறைக்கு ஒரு நாளாகத் தொடங்குங்கள். கோட்டை மாரியம்மன் கோயிலில் கூட்டம் திரண்டிருக்கும் நேரத்தில் படுக்கையில் கிடப்பதைவிட, சுவரில் ஓர் ஓரம் ஒட்டடை இருப்பது மேல்.

சம்மணமிட்டுக் குனிந்தே இருப்பதால் இடுப்பின் கீழ்ப்பகுதி வளைந்து போகிறது. நான்காக மடித்த போர்வையை இருக்கைக்கு அடியில் வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்குமாறு உட்காருங்கள். வேலைப் பலகையை ஒரு சாண் உயர்த்த முடியுமா என்று பட்டறைக்காரரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். படுத்துவிடும் ஆளைவிட நிதானமாகத் தினமும் வரும் ஆள்தான் அவருக்கும் லாபம்.

மாமியாரிடம் நீங்கள் விளக்கிப் பயனில்லை என்று நினைக்கிறேன். அடுத்த முறை பிசியோதெரபிக்குப் போகும்போது அவரையும் அழைத்துச் சென்று, மருத்துவரையே விளக்கச் சொல்லுங்கள். பிறகு அலாரம் அடித்தால் உங்களை எழுப்பிவிடும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். என்னிடம் வந்த குடும்பங்களில், நம்பாத மாமியார் நேரக் கண்காணிப்பாளரான பின் மருமகளை உட்காரவே விடாமல் விரட்டியதைப் பார்த்திருக்கிறேன். அது வேறு தொல்லை, ஆனால் சமாளிக்கக்கூடிய தொல்லை.

ஒன்றை மட்டும் காத்திருக்க விடாதீர்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, இரண்டு தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கத் தொடங்கினாலோ, காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்து வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மேலே சொன்ன கணக்கெல்லாம் அப்போது பொருந்தாது.

கேள்வி: என் தந்தைக்கு வயது 63. கொண்டலாம்பட்டியில் விசைத்தறியில் இரவு ஷிப்டு பார்த்தவர். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தமும் உண்டு. இரண்டு பாதங்களிலும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது என்கிறார். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் இரண்டு போடுகிறார். மருத்துவர் இரவு ஒரு வேளை அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தார்; அது மனநோய் மாத்திரை என்று யாரோ சொன்னதால் அதைத் தொட மறுக்கிறார்.
— வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: தம்பி, உங்கள் தந்தை விட வேண்டியதைப் பிடித்துக்கொண்டும், பிடிக்க வேண்டியதை விட்டும் இருக்கிறார். டைக்ளோபெனாக், அசிக்ளோபெனாக், ஐபுபுரோபன் முதலிய வலி மாத்திரைகள் வீக்கத்தால் வரும் வலிக்கானவை. சர்க்கரையால் நரம்பே பழுதுபட்டு எரியும்போது அவற்றால் பெரிய பயன் கிடைப்பதில்லை. கிடைப்பது வயிற்றுப் புண்ணும், ஏற்கெனவே சர்க்கரையாலும் அழுத்தத்தாலும் களைத்திருக்கும் சிறுநீரகத்துக்கு மேலும் ஒரு சுமையுந்தான். அவற்றை எத்தனை காலமாகப் போடுகிறார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்த மருந்து என்பது உண்மைதான். ஆனால் தண்டுவடத்தின் வழியே மேலேறும் வலிச் செய்தியை அடக்கும் தன்மை அதற்கு உண்டு என்பதால், மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவில், பெரும்பாலும் 10 அல்லது 25 மில்லிகிராமில், நரம்பு வலிக்குக் கொடுக்கிறார்கள். எனக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். முதலில் நானும் முகம் சுளித்தேன், இயன்முறை மருத்துவராக இருந்தும். வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும், பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாகும். இதயத் துடிப்பில் கோளாறு, சிறுநீர் தடைபடுதல், கண்ணில் நீரழுத்தம் ஆகியவை இருந்தால் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவருக்கு அது ஒத்துவராவிட்டால் பிரிகாபலின், டுலக்ஸிடின் போன்றவையும் உள்ளன. எதையும் தாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. சர்க்கரைக்கான மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாகப் போட்டு வருபவராக இருந்தால் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் அது குறைந்தாலும் பாதம் எரியும்.

எரிச்சலுக்கு இதமாக இருக்கும் என்று சுடுநீரில் கால் வைக்க விடாதீர்கள். எரியும் அதே பாதத்தில் சூடு தெரியும் உணர்வு மங்கியிருக்கும். தோல் வெந்த பிறகே தெரியவரும். இரவில் உள்ளங்காலை நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தறிப்பட்டறைக்கு இன்னும் போகிறவராக இருந்தால் வெறுங்காலோடு நிற்க வேண்டாம். நடமாட முடியாமல் போனால், 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, அழுத்தத்துக்கான மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிறேன். கழுத்தும் வலது தோளும் நான்கு ஆண்டுகளாக வலிக்கின்றன. வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குச் சேலம் வரச் சொல்கிறார்கள். பேருந்தில் இறங்கி ஏறுவதிலேயே, அங்கே குறைந்த வலி திரும்பிவிடுகிறது. என்ன செய்வது?
— வாசகி, ஏற்காடு

பதில்: அம்மா, 20 கொண்டை ஊசி வளைவுகளை வாரத்தில் நான்கு முறை கடந்து கழுத்து வலிக்கு வைத்தியம் பார்ப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதைப் போன்றது. வாரம் இருமுறை வர முடியாது, மாதம் ஒருமுறை வருகிறேன், வீட்டிலேயே செய்யும் பயிற்சிகளைச் சொல்லிக் கொடுங்கள் என்று நேராகவே கேளுங்கள். இயந்திரத்தில் வைக்கும் சூடும் மின்தூண்டலும் அந்த நேரத்துக்கு இதம் தரும். நாள்பட்ட வலியில் நிலைத்த பயன் தருவது நீங்களே செய்யும் பயிற்சிதான். பேருந்தில் கடைசி வரிசையைத் தவிர்த்து நடுவில், கம்பியை இடது கையால் பிடிக்கும் வகையில் அமருங்கள்; வளைவு திரும்பும்போது கழுத்தை மட்டும் திருப்பாமல் உடம்போடு சாயுங்கள்.

பழப் பறிப்பு நவம்பரில் தொடங்கி மார்கழி, தைக் குளிரிலும் நீள்வதால், விறைத்த தசையோடு காலையில் நேராகக் கிளையை எட்ட வேண்டாம்; கம்பளி போர்த்தி, சுடுநீர்ப் பை வைத்து, தோளைப் பத்து முறை சுழற்றிவிட்டுக் கிளம்புங்கள். தலைக்கு மேலே கை நீட்டிப் பறிப்பதுதான் தோளுக்குப் பகை. கிளையை இடக் கையால் மார்பளவுக்கு வளைத்துப் பிடித்துப் பறியுங்கள். மேல்கிளை நான்கு, கீழ்க்கிளை நான்கு என்று மாறி மாறிப் போங்கள். பையை நிரம்பும் வரை சுமக்காமல் பாதியிலேயே கொட்டிவிடுங்கள். சரிவில் நிற்கும்போது ஒரே காலை மேட்டில் வைத்திருந்தால் இடுப்பு வலியும் பின்னால் வந்து சேரும்.

கேள்வி: என் மனைவிக்கு பைப்ரோமயால்ஜியா (உடலெங்கும் வலியும் அயர்ச்சியும் நீடிக்கும் நோய்) என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்தார்கள். ஒரு நாள் கல்யாண வீட்டில் சிரித்துப் பேசுகிறாள். மறுநாள் சீப்பைக்கூடத் தூக்க முடியவில்லை என்கிறாள். உறவினர்கள் கேலி செய்கிறார்கள். நான் மணிக்கு ஒருமுறை "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறேன், அதற்கும் எரிச்சல் படுகிறாள். வேலை எதையும் செய்ய விடாமல் பார்த்துக்கொள்கிறேன். வேறு என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: ஐயா, உங்கள் அன்பில் குறையில்லை, முறையில் இரண்டு குறைகள் உள்ளன. மணிக்கு ஒருமுறை கேட்கும்போது, அவர் சற்று மறந்திருந்த வலியை மீண்டும் எடுத்துப் பார்த்து உங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கவனம் குவியும் இடத்தில் வலி கூடும். கேட்பதை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். துணி காயப்போடும் கிளிப் இரண்டை, பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று, சமையலறைத் திரையில் அவர் மாட்டட்டும். சிவப்பு மாட்டியிருந்தால் அன்றைக்கு இட்லி கடையில்தான். விளக்கம் கேட்கக் கூடாது. பச்சை என்றால் அவரை அவர் போக்கில் விடுங்கள்.

இரண்டாவது குறை, வேலை எதையும் செய்ய விடாமல் தடுப்பது. 1990-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்பு வகுத்த முறைப்படி, உடலில் குறித்த 18 இடங்களில் 11 இடங்களையேனும் அழுத்தினால் வலிக்க வேண்டும் என்பது இந்நோய்க்கான அளவுகோலாக இருந்தது. 2010-இல் வந்த புதிய முறையில் அழுத்திப் பார்ப்பதைக் கைவிட்டு, வலி பரவியிருக்கும் இடங்களோடு, அயர்ச்சி, தெளியாத தூக்கம், மறதி ஆகியவற்றையும் கணக்கில் எடுத்தார்கள். இரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. சிகிச்சை பற்றி ஐரோப்பிய வாதநோய் அமைப்பு 2017-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், வலுவான ஆதரவு பெற்றது ஒன்றே ஒன்று. அது மருந்து அன்று, உடற்பயிற்சி. ஆகவே ஓய்வு கொடுக்கிறோம் என்று அவரிடமிருந்து அசைவைப் பறித்துவிடாதீர்கள். மாலையில் ஐந்து நிமிட நடை போதும், ஆனால் அன்றாடம். நீங்களும் உடன் நடக்கலாம், வலியைத் தவிர வேறு எதையாவது பேசிக்கொண்டு.

உறவினர்களைப் பொறுத்தவரை, கல்யாண வீட்டில் அவர் சிரித்த இரண்டு மணி நேரத்துக்காக முன்னும் பின்னும் எத்தனை மணி நேரம் படுத்திருந்தார் என்பதை நீங்கள் ஒருவர் அறிந்திருக்கிறீர்கள். அதை அவர் வாயால் சொல்லவிடாமல், கேலி வரும் இடத்தில் நீங்கள் சொல்லுங்கள். எனக்கு அக்கி வலி தொடங்கிய ஆண்டில், ரவிக்கைத் துணி உரசினாலே நெருப்புப் பட்டதுபோல் துடிப்பேன். ஒரு மருத்துவர், எல்லாம் உங்கள் கற்பனை என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் ஒன்றும் பேசாமல் தம் பழைய மல்வேட்டியைக் கிழித்து, ரவிக்கைக்கு உள்ளே வைக்க இரண்டு துண்டு தந்தார். அந்த மருத்துவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் முதலில் நினைவுக்கு வருவது வேட்டித் துண்டுதான்.

கேள்வி: நாள்பட்ட வலிக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா?
— வாசகர், அம்மாபேட்டை

பதில்: வலி என்ற ஒன்றை மட்டும் காட்டிக் கிடைக்காது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் நாள்பட்ட வலி தனியாக இடம்பெறவில்லை. வலிக்குக் காரணமான நோயால் கை, கால் இயக்கம் குறைந்திருந்தாலோ, அது சட்டம் குறிப்பிடும் நாள்பட்ட நரம்பியல் நோயாக இருந்தாலோ விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு வேண்டும்.

கேள்வி: முழங்கால் வலியால் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும் வரை தூக்கமில்லை. மறுநாள் வலி இன்னும் கூடிவிடுகிறது.
— வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுவது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று, தூக்கமின்மை வலியைத் தாங்கும் எல்லையையே தாழ்த்திவிடும். ஏற்காட்டுக் காப்பியின் மணத்தை விட்டுக்கொடுக்க எனக்கும் மனமில்லை. ஆயினும் மதியத்துக்கு மேல் குடித்த காப்பியில் பாதியளவு இரவு வரை இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால், கடைசிக் குவளையை நண்பகலோடு முடித்துக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு இடையே தலையணை வையுங்கள். விழித்ததும் இன்னொரு மாத்திரையைத் தேட வேண்டாம். இருபது நிமிடத்தில் தூக்கம் திரும்பாவிட்டால், படுக்கையில் புரண்டுகொண்டிராமல் எழுந்துவிடுங்கள். கைபேசியைத் தொடாமல், மங்கிய வெளிச்சத்தில், கைக்கு மட்டும் வேலை இருக்கும் எதையாவது செய்யுங்கள். கண் சொக்கும்போது படுக்கைக்குத் திரும்பினால் போதும். அப்படிப்பட்ட இரவுகளில் நான் கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவுவேன். பாதிக் கட்டு முடிவதற்குள் பெரும்பாலும் உறக்கம் வந்துவிடும். வராத நாளில் காலைப் பொரியலுக்குக் கீரை தயாராக இருக்கும்.